பிடிச்ச மீன திரும்ப விடாதேன்னு சொல்ற ஏரி

டேய் கதிரு,

உன் மெயில் வந்து ரெண்டு வாரமாச்சு, ஆஃபீஸ்ல ரிலீஸ் நேரம், உக்காந்து பதில் எழுத முடியல, கோச்சுக்காத. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு வீட்டுக்குள்ள நடக்கறாங்கன்னு படிச்சதும் ரொம்ப நிம்மதியா இருந்துச்சு. பிசியோகாரர் சொல்ற பயிற்சிய மட்டும் விடாம செய்யச் சொல்லு, வலிக்குதுன்னு நாலு நாள் விட்டா மூட்டு இறுகிக்கும். பாப்பா பயாலஜி எடுத்திருக்கான்னு எழுதியிருந்த, இந்தக் கடிதத்த அவளுக்கும் படிச்சுக் காட்டு, அவளுக்குப் பிடிக்கும்.

இப்ப நீ கேட்டதுக்கு வர்றேன். வாட்ஸ்அப்ல நான் போட்ட ஐஸ்பெட்டி போட்டோவ பாத்துட்டு "ஏண்டா இப்படி வழிச்சு எடுக்கற, அங்கெல்லாம் பிடிச்சத திரும்ப விட்ருவாங்கன்னு நீதானே சொன்ன"ன்னு கேட்டிருந்த. நியாயமான கேள்விதான். ஆனா அந்த ஏரியில, அந்த மீன திரும்ப விடறதுதான்டா தப்பு. அரிசோனா, யூட்டா ரெண்டு மாநிலத்துலயும் பரவிக் கிடக்கற பவல் ஏரியில ஸ்ட்ரைப்பட் பாஸுக்கு லிமிட்டே கிடையாது, எவ்வளவு வேணா பிடிச்சுக்கோ, விடாம எடுத்துட்டுப் போன்னு மீன் துறைக்காரங்களே சொல்றாங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோ.

இங்க எல்லாரும் ஸ்ட்ரைப்பர்னுதான் சொல்லுவாங்க. பாக்க நம்ம கொடுவா மாதிரி வெள்ளி உடம்பு, பக்கவாட்டுல ஏழெட்டு கறுப்புக் கோடு தலையில இருந்து வால் வரைக்கும் ஓடும். அடிப்படையில இது கடல் மீன், அட்லாண்டிக் கரையில வளந்து முட்டை போட மட்டும் ஆத்துக்குள்ள ஏறி வரும். 1940கள்ல தென் கரோலினாவுல சான்ட்டி ஆத்தையும் கூப்பர் ஆத்தையும் சேத்து அணை கட்டினப்ப கொஞ்சம் மீன் மேல ஏரிக்குள்ள மாட்டிக்கிச்சு, செத்துரும்னு பாத்தா அங்கயே வளந்து மேல வர்ற ஆறுகள்ல ஏறி முட்டையும் போட்டுச்சு. கடலுக்கே போகாம இந்த மீன் வாழும்னு அப்பதான் தெரிஞ்சுது. அப்புறம் 1960கள்ல அதே ஊர்ப் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகத்துல ஹார்மோன் ஊசி போட்டு முட்டை எடுக்கக் கத்துக்கிட்டாங்க, அங்கிருந்து மாநிலம் மாநிலமா லாரியில குஞ்சு போக ஆரம்பிச்சுது.

எல்லா அணைக்காரங்களுக்கும் இந்த மீன் மேல ஆசை வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. இதோட முட்டை முழுசா மிதக்கவும் மிதக்காது, முழுசா முங்கவும் முங்காது, ஓடற தண்ணியில ரெண்டு நாள் உருண்டுக்கிட்டே வந்தாத்தான் பொரியும், நடுவுல அடியில படிஞ்சா சேறு மூடி செத்துரும். அதனால பெரும்பாலான ஏரியில இது பெருகாது, நாம விடற அளவுதான் இருக்கும், வேண்டாம்னா விடறத நிறுத்திட்டா தானா தீந்துரும்னு ஒரு கணக்கு. பவல்லயும் அந்தக் கணக்குலதான் 1974ல இருந்து 1979 வரைக்கும் விட்டாங்க. கணக்கு பொய்யாச்சு. 1979லயே அங்க பிறந்த குஞ்சு வலையில விழுந்துச்சு. மேல வர்ற கொலராடோ ஆத்துலயும் போட்டுச்சு, ஏரிக்குள்ளயும் போட்டுச்சு. அதுக்கப்புறம் ஒரு குஞ்சு கூட யாரும் விடல, ஏரி முழுக்க ஸ்ட்ரைப்பர்.

அதுங்களுக்கு அங்க சாப்பாடு த்ரெட்ஃபின் ஷாட்னு ஒரு சின்ன மீன், நம்ம மத்திக்குச் சொந்தம், 1968ல இதையும் வெளியிலிருந்து கொண்டு வந்துதான் விட்டாங்க. ஸ்ட்ரைப்பர் பெருகினதும் 1980கள் ஆரம்பத்துல நடு ஏரியில ஷாட்ட துடைச்சுத் தின்னு தீத்துருச்சு. அதுல இருந்து அந்த ஏரிக்கு இதே பொழப்புதான், ஷாட் பெருகினா ஸ்ட்ரைப்பர் கொழுக்கும், முட்டை போட்டு நிறையும், ஷாட் தீரும், அப்புறம் பட்டினி. இதுல ரொம்ப கொடுமை பெரிய மீனுக்குத்தான். குட்டி ஸ்ட்ரைப்பர் மேல இருக்கற வெதுவெதுப்பான தண்ணியில சுத்தும், வளந்ததுக்கு சூடு ஆகாது, 25 டிகிரிய தாண்டினா மேல நிக்க முடியாது, கீழ குளிர்ந்த தண்ணிக்கு எறங்கிரும். ஷாட் இருக்கறது மேல. குட்டிங்க மேல தின்னுக்கிட்டு இருக்கும், பெருசுங்க கீழ பசியோட கிடக்கும். இதே ஏரியில 1991ல 48 பவுண்டுக்கு மேல ஒரு மீன் பிடிச்சு அதுதான் யூட்டாவோட ரெக்கார்டு, ஆனா நமக்கு சாதாரணமா மாட்டறது ரெண்டு பவுண்டு, மூணு பவுண்டு.

ஏரிக்குப் பக்கத்துல பேஜ்னு ஒரு ஊர், அங்க நவஹோ பழங்குடி நண்பர் ஒருத்தர், அவர் படகுலதான் போவோம். உறைஞ்ச நெத்திலிய மூணு துண்டா வெட்டி கொக்கியில கோத்து, இன்னும் கொஞ்சத்த பொடிசா நறுக்கித் தண்ணியில தூவிவிட்டு, பாறைச் சுவர் ஓரமா ஐம்பது அறுபது அடி ஆழத்துல எறக்கினா போதும். கூட்டம் கீழ வந்துட்டா, மீன் இருக்கறத காட்டற சோனார் திரை முழுக்க கோடு கோடா ஆயிரும், அப்புறம் கைக்கு ஓய்வே இருக்காது. போட்டோல நீ பாத்தது அப்படி ஒரு நாள். கரையில வெட்டறப்ப நீ கூட இருந்திருக்கணும்டா, தலை மட்டும் பெருசு, முதுகு கத்தி மாதிரி ஒட்டிப்போய், வயித்துக்குள்ள கொழுப்பே இல்ல. இரைப்பைய கீறிப் பாத்தா ஷாட் ஒண்ணு கூட இல்ல, நண்டுக்கும் இறாலுக்கும் நடுவுல இங்க ஒண்ணு இருக்கு, க்ரேஃபிஷ், அதோட ஓடு ரெண்டு, மிச்சம் பச்சையா கூழ், அவ்வளவு பெரிய மீன் மிதவை உயிரிய வடிகட்டித் தின்னுருக்கு. அத பாத்தப்புறம் இந்த மீன திரும்ப விடுன்னு எனக்கு யாரும் சொல்ல முடியாது. நாம எடுத்தா மிச்சம் இருக்கறதுக்கும் ஷாட்டுக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கும்.

அதுக்காக எல்லா ஏரிக்கும் இது பொருந்தாது, அது ரொம்ப முக்கியம். டெக்சாஸ், ஓக்லஹோமா எல்லையில டெக்ஸோமா ஏரி, அங்கயும் இது தானா பெருகுது, ஆனா ஷாட் தாங்குது, அதனால ஒரு நாளைக்குப் பத்து, அதுல 20 இன்ச்சுக்கு மேல ரெண்டுதான்னு லிமிட் வெச்சு நல்லா ஓடுது. டென்னசி பக்கம் நாரிஸ் ஏரி மாதிரி இடங்கள்ல குஞ்சு விட்டுத்தான் வளக்கறாங்க, அங்க லார்ஜ்மவுத் பாஸ்னு வேற ஒரு மீன் பிடிக்கறவங்களுக்கு இந்த மீன் மேல தீராத கோபம், எங்க பாஸ் குஞ்சையெல்லாம் இது தின்னுருதுன்னு. வயித்த வெட்டிப் பாத்த ஆய்வுகள்ல பெரும்பாலும் ஷாட்டும் அந்த சாதி மீனும்தான் இருந்துச்சு. நேரா தின்னுதுங்கறத விட, ஒரே ஷாட்டுக்கு ரெண்டு பேரும் போட்டி போடறாங்களாங்கறதுதான் கேக்க வேண்டிய கேள்வி. அந்தப் பக்க ஏரிகள்ல கோடையில மேல தண்ணி சூடு, அடியில ஆக்சிஜன் இல்ல, நடுவுல ஒரு அடுக்குலதான் இதுங்க ஒண்டிக்கிட்டு நிக்கும், அங்கிருந்து இழுத்து போட்டோ எடுத்துட்டு நல்லவன் மாதிரி விட்டாலும் பாதி செத்துத்தான் போகும்.

ஆனா கதிரு, எனக்கு மனசு வலிக்கறது ஸ்ட்ரைப்பருக்காக இல்ல. அந்த ஆத்துல முன்னாடி என்ன இருந்துச்சு தெரியுமா, கொலராடோ பைக்மின்னோன்னு ஆறடி வரைக்கும் வளர்ற மீன், முதுகுல கூன் மாதிரி மேடு வெச்ச ஹம்ப்பேக் சப், ரேஸர்பேக் சக்கர், போனிடெய்ல். உலகத்துல அந்த ஆத்து வடிநிலத்த தவிர வேற எங்கயும் இல்லாதது. 1963ல கிளென் கேன்யன் அணை மதகை மூடித் தண்ணிய தேக்கினாங்க, அப்படி வந்ததுதான் பவல் ஏரி, சேறும் வெள்ளமுமா ஓடின ஆறு தெளிஞ்ச நீலக் குளமாச்சு, அதுங்க வாழ்க்கை அங்க பெரும்பாலும் முடிஞ்சுது, மிச்சம் பொரிஞ்ச குஞ்சையும் வெளியூர் மீன் தின்னுது. அதுக்கு முந்தின வருஷம், 1962ல, மேல கிரீன் ஆத்துல 400 மைலுக்கு மேல ரோட்டினோன் விஷத்த கலந்து இந்த மீன்கள வேணும்னே கொன்னாங்க, அங்க கட்டின புது அணையில, தூண்டில்காரங்களுக்குப் பிடிச்ச ட்ரவுட் மீன் விடணும்னு. வேண்டாத மீன்னு அதுங்களுக்குப் பேரு. இப்ப அதே மீன காப்பாத்த வருஷா வருஷம் கோடிக்கணக்குல செலவு பண்றாங்க. அதனால ஸ்ட்ரைப்பர் மேல மட்டும் பழி போடறவங்கள எனக்குப் பிடிக்காது, அது தானா வரல, அணை கட்டினவங்களும் நாமளும்தான் கொண்டு வந்து விட்டோம்.

சாப்பாட்டு விஷயமும் கேட்டிருந்த. பக்கவாட்டுல செவப்பா ஒரு பட்டை சதை இருக்கும், அத சீவி எடுத்துட்டா கவிச்சி இல்ல, மிளகாத்தூள் மஞ்சத்தூள் தடவி வறுத்தா நல்லா இருக்கு, குழம்புக்கு அவ்வளவா சேராது, உதிர்ந்துரும். அணைக்குப் பக்கத்துல பிடிக்கற ஸ்ட்ரைப்பர்ல பாதரசம் ஜாஸ்தின்னு 2012ல எச்சரிக்கை விட்டிருக்காங்க, அதனால சின்னவனுக்கு மாசத்துல எப்பவாவது ஒரு துண்டோட சரி, பெருசா மாட்டினத வீட்டுக்கே கொண்டு வர்றதில்ல.

ஒரு உதவி பண்ணுடா. நம்ம அமராவதி அணையில வறுத்துக் கொடுக்கற ஜிலேபி மீனும் ஆப்பிரிக்காக்காரன்தான், 1952ல இந்தியாவுக்கு வந்துச்சு. அங்க பழைய பரிசல்காரங்க யாராவது இருந்தா, அவங்க அப்பா காலத்துல வலையில என்னென்ன மீன் விழுந்துச்சு, இப்ப எதெல்லாம் கண்ணுலயே படறதில்லன்னு பேர் பேரா கேட்டு எழுது. பாப்பாவையும் கூட்டிட்டுப் போ, அவளே எழுதி வெச்சுக்கட்டும். அம்மாவ நான் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உங்க நேரத்துக்கு வீடியோ கால்ல கூப்பிடறேன்னு சொல்லு.

உன்
முருகு
ஃபீனிக்ஸ்