அனுமதியை எதிர்க்க 6 வாரம்தான்

அனைவருக்கும் வணக்கம். குறைந்த விலை வீடுகளைக் குறைத்து உள்ளூர் கவுன்சில் அனுமதித்த நம் பகுதிக் கட்டடத் திட்டத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். கவுன்சில் கொடுத்த கட்டட அனுமதியை எதிர்த்து இங்கிலாந்தில் வழக்குப் போட 6 வாரம்தான் அவகாசம். கவுன்சிலின் திட்டக் கமிட்டி கூடிய நாளை வைத்து எண்ணாதீர்கள். அனுமதிக் கடிதத்தில் உள்ள தேதிதான் கணக்கு.

கட்டடம் பிடிக்கவில்லை என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது. சட்டப்படி முடிவெடுத்தார்களா என்றுதான் பார்ப்பார்கள். சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் விடுபட்டது எதுவும் இருந்தால் நல்ல பிடி கிடைக்கும். 2024 ஜூனில் இங்கிலாந்தின் சர்ரே பகுதி எண்ணெய்க் கிணற்று அனுமதி உச்ச நீதிமன்றம்வரை போய் ரத்தானது. அந்த எண்ணெயை எரிக்கும்போது வெளியாகும் கார்பனை மதிப்பீட்டில் சேர்க்காததுதான் காரணம்.

என்னைக் கேட்டால், குறைந்த விலை வீடுகளின் எண்ணிக்கையை ஏன் குறைத்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம். 'அத்தனை குறைந்த விலை வீடுகள் கட்டினால் கட்டுப்படியாகாது' என்று கட்டுமான நிறுவனம் கொடுத்த கணக்கறிக்கை கவுன்சில் இணையதளத்தில் இருந்தால் எடுத்து இங்கே போடுங்கள். அப்புறம் வக்கீலைப் பார்ப்போம், இந்த வாரமே.