மூன்றாம் பருவ முடிவில் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கும், இதை வீட்டில் உரக்க வாசித்துக் காட்டப்போகும் ஆயா, தாத்தாமாருக்கும் வணக்கம்.

மூன்றாம் பருவம் நல்லபடியாக முடிந்தது. திருக்குறள் ஒப்புவித்தலில் எல்லா வகுப்புகளும் கலந்துகொண்டன. ஆடிக் கூழ் அன்று பெரிய பிள்ளைகள் முகம் சுளிக்காமல் பரிமாறினார்கள். விடைத்தாள்கள் வரும் சனிக்கிழமை கைக்கு வரும். நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தந்துவிடுங்கள்.

இனி, குவாசுலு-நட்டால் மாகாணத்து மிட்லண்ட்ஸ் பகுதியில் உள்ள பால் பண்ணைக்கான பயணம். அக்டோபரில் இரண்டாம் குழு போகவேண்டும். அதற்குள் சிலவற்றைப் பேசிவிடலாம்.

அங்கே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அம்மா சுற்றுலா வழிகாட்டி அல்ல. விடிகாலை 4 மணிக்கு ஒரு கறவை, பிற்பகல் 2 மணிக்கு இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில், 10 முதல் 12 வரைதான் நமக்கு. அவர் ஆங்கிலத்தில் சொல்ல நம் ஆசிரியை தமிழில் திரும்பச் சொல்வதால் அதிலும் பாதி நேரம்தான் மிஞ்சும். போன முறை பஸ் 45 நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. மாடு நமக்காகக் காத்திருக்காது. கன்றுக்கொட்டகையைப் பார்க்காமலே திரும்பினோம்.

கறவை பழகக் காட்டும் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் சில பீச்சல்களைக் கறுப்புத் தட்டுள்ள கோப்பையில் விட்டுப் பார்ப்பார்கள். பாலில் திரி திரியாகத் தெரிந்தால் மடிநோய். பிள்ளைகள் அதை ஒவ்வொருவராகச் செய்யவேண்டும். மாடு மிரண்டால் பால் இறங்காது, மடி நிறைய இருந்தாலும்! பயத்தில் சுரக்கும் அட்ரினலின், பாலை இறக்கும் ஆக்சிடோசினைத் தடுத்துவிடும். பெரியவர்கள் போனில் பிளாஷ் போட்டபோது நடந்தது அதுதான். பின்பக்கமாகவும் நெருங்காதீர்கள், நேர் பின்னால் நிற்பவர் மாட்டின் கண்ணுக்குத் தெரியமாட்டார். தோள் பக்கமாக, பேசிக்கொண்டே வரவேண்டும்.

“மாட்டுக்கு எத்தனை வயிறு?” என்று அந்த அம்மா பிள்ளைகளைக் கேட்டார். பின்வரிசையிலிருந்து ஓர் அப்பா “நாலு” என்றார். வயிறு ஒன்றுதான், அறைகள்தான் நாலு. பிள்ளைகளே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடிக்கட்டும் என்றுதான் அவர் கேட்டது. 6 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், வரிசையின் கடைசியில், வாயை மூடிக்கொண்டு: இதுதான் அவருக்கு நாம் செய்யும் பெரிய உதவி.

தீனியை அவர் கொடுத்தால் மட்டும் கொடுங்கள். ரொட்டித் துண்டுகளை அள்ளிப் போட்டால் மாவுச்சத்து இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலம் ஏறி மாடு, ஆடு நோய்ப்படும். சிப்ஸ் பாக்கெட்டை விழுங்கிவிட்டால் அது வெளியே வராது.

கை கழுவுவதில் சமரசமே இல்லை. கன்றுகளின் சாணத்தில் இருக்கும் கிரிப்டோஸ்போரிடியம் கிருமியைக் கையில் தேய்க்கும் ஜெல் கொல்லாது. சோப்பும் ஓடும் தண்ணீரும், 20 வினாடி. அதன் பிறகுதான் சாப்பாட்டு டப்பா திறக்கலாம். கொட்டகைக்குள் தண்ணீர் பாட்டிலும் வேண்டாம், கைக்குழந்தையின் ரப்பர் சூப்பானும் வேண்டாம். கர்ப்பிணிகள் குட்டி ஈனும் ஆடுகளின் பக்கம் போகவே கூடாது.

குவாசுலு-நட்டாலில் கோமாரி நோய் என்ன பாடு படுத்துகிறது என்று உங்களுக்குத் தெரியும். அது நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் செருப்பிலும் பக்கி (சிறு சரக்கு வண்டி) டயரிலும் ஏறிப் பண்ணைக்குள் போய்விடும். வீட்டில் ஆடு மாடு வைத்திருப்பவர்கள் அங்கே போடாத வேறு கம்பூட்ஸ் (ரப்பர் பூட்ஸ்) போட்டு வாருங்கள். வாசலில் உள்ள மருந்துத் தொட்டியில் கால் வைக்கும் முன் பிரஷ்ஷால் சேற்றைத் தேய்த்து எடுங்கள். சேறும் சாணமும் கலந்தால் மருந்தின் வீரியம் போய்விடும். “இதெல்லாம் சும்மா சடங்கு” என்று ஒருவர் தொட்டியைத் தாண்டிக் குதித்தார். பண்ணையில் நோய் வந்தால் அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் ஒரு மாட்டைக்கூட வெளியே அனுப்ப முடியாது. அதற்கு நாம் காரணமாகக் கூடாது.

ஆகவே கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். அடுத்த முறை காலை 7 மணிக்குப் பஸ் கிளம்பிவிடும். வராத பிள்ளைக்காக நிற்காது. திறந்த செருப்போடு வரும் பிள்ளை பஸ் ஏற முடியாது. பண்ணை அம்மாவின் சொல்லைக் கேட்க மனமில்லாத பெரியவர்கள் தயவுசெய்து துணைக்கு வரவேண்டாம். வகுப்பில் என்னை இடைமறித்துப் பேசுவீர்களா? அவரும் ஆசிரியர்தான்.

பயண நாள் புரட்டாசிச் சனிக்கிழமை என்பதால் பூஜைக்குப் போகவேண்டியவர்கள் முன்கூட்டியே சொன்னால் போதும், கட்டணம் அடுத்த பயணத்துக்குச் சேரும்.

மற்றபடி, உங்களில் பெரும்பாலோர் இல்லாவிட்டால் போன பயணமே நடந்திருக்காது. சேற்றுக் கம்பூட்ஸை எல்லாம் கழுவி வைத்துவிட்டுப் போன அம்மாக்களுக்கும், புளிச்சாதம் கட்டிக்கொடுத்து, அந்தப் பண்ணை அம்மாவுக்கும் ஒரு பொட்டலம் தனியாக வைத்த ஆயாவுக்கும் மனமார்ந்த நன்றி. அவர் அதன் செய்முறையைக் கேட்டு அனுப்பியிருக்கிறார். யாராவது ஆங்கிலத்தில் எழுதித் தந்தால் கொடுத்துவிடுகிறேன்.

ஒப்புதல் சீட்டில் பிள்ளையின் கம்பூட்ஸ் அளவையும் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்