மருந்தின் பெயரோடு குழு எண்ணையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தைத் தொடர்ந்து படித்துவரும் சாகுபடியாளர் என்ற முறையில் ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். பயிரில் நோய் கண்டால் எந்த மருந்தை எத்தனை மில்லி கலந்து அடிக்க வேண்டும் என்றும், களை மண்டினால் எந்தக் களைக்கொல்லியைத் தெளிக்க வேண்டும் என்றும் அப்பக்கத்தில் வரும் பதில்கள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. மருந்து தெளிப்பவரின் பாதுகாப்பைப் பற்றிய செய்தியோ, யாரேனும் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட பிறகு வேறொரு பக்கத்தில் வருகிறது. தாளில் இவ்வாறு பிரிந்து கிடக்கும் நோய், களை, பாதுகாப்பு ஆகிய மூன்றும் வயலில் ஒரே தெளிப்பானின் தொட்டிக்குள்தான் தீர்மானிக்கப்படுகின்றன. ஆகவே, ஒரு மருந்தின் பெயரை அச்சிடும்போதெல்லாம் அது எந்தச் செயல்முறைக் குழுவைச் சேர்ந்தது என்பதையும், அதைக் கையாளுவோர் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு விவரங்களையும் அதே பதிலுக்குள் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

குழு எண் என்பது அந்த மருந்து பூஞ்சாணத்தையோ களையையோ எந்த வழியில் தாக்குகிறது என்பதைக் குறிப்பது. பூஞ்சாணக்கொல்லிகளுக்கும் களைக்கொல்லிகளுக்கும் தனித்தனியே சர்வதேசப் பட்டியல்கள் உள்ளன. களைக்கொல்லிகளுக்கு முன்பு எழுத்துகளாக இருந்த குறியீடுகள் 2020-ஆம் ஆண்டில் எண்களாக மாற்றப்பட்ட பிறகு இது சாதாரண வாசகருக்கும் எளிதில் புரியக்கூடியதாகிவிட்டது. இதைத் தெரிந்துகொள்ளாமல் மருந்தை மாற்றுவதால் பயனில்லை. நெல்வயலில் ஒரு பருவம் பிஸ்பைரிபாக் சோடியம் என்ற களைக்கொல்லியைத் தெளித்தவர், அடுத்த பருவம் மாற்றிப் பார்ப்போம் என்று பெனாக்சுலம் வாங்குகிறார். நிறுவனம் வேறு, புட்டியின் நிறம் வேறு, வேதிப்பெயரும் வேறு. ஆனால் இரண்டுமே 2-ஆம் குழுவைச் சேர்ந்தவை. களையைப் பொறுத்தவரை எதுவும் மாறவில்லை. பூஞ்சாணக்கொல்லிகளிலும் இதே கதைதான்: ஹெக்சகோனசோலிலிருந்து புரோபிகோனசோலுக்கும், அதிலிருந்து டெபுகோனசோலுக்கும் தாவுகிறவர் 3-ஆம் குழுவைவிட்டு ஓர் அடிகூட வெளியே வருவதில்லை. விற்பவர் இதைச் சொல்வார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அவரிடம் இருக்கும் சரக்கைத்தான் அவர் எடுத்துக் கொடுப்பார்.

ஒரே குழுவைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை, வரலாறே இருக்கிறது. ஸ்ட்ரோபிலுரின் வகைப் பூஞ்சாணக்கொல்லிகள் 1996-இல் சந்தைக்கு வந்தன. 1998-லேயே ஜெர்மனியில் கோதுமையின் சாம்பல் நோய்ப் பூஞ்சாணம் அவற்றுக்கு அடங்க மறுத்தது. பூஞ்சாணத்தின் மரபணுவில் ஒரே ஓர் இடத்தில் நேர்ந்த மாற்றம் அக்குழு முழுவதையும் அதன்மீது பயனற்றதாக்கப் போதுமானதாக இருந்தது. 1974-இல் விற்பனைக்கு வந்த கிளைபோசேட் களைக்கொல்லிக்கு அடங்காத லோலியம் என்ற களைப்புல் 1996-இல் ஆஸ்திரேலியாவில் பதிவாயிற்று. ஒன்றில் இரண்டு ஆண்டுகள், மற்றொன்றில் இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் என்று காலம் வேறுபட்டாலும் நிகழ்ந்தது ஒன்றே. மருந்து எதிர்ப்புத்திறனைப் புதிதாக உண்டாக்குவதில்லை. இயற்கையாகவே அதைப் பெற்றிருக்கும் ஓரிரு செடிகளையோ வித்துகளையோ விட்டுவைத்து, மற்ற அனைத்தையும் அழித்து, தப்பியவற்றுக்கு வயலையே காலிசெய்து கொடுக்கிறது. தெளித்த பின்னும் பச்சையாக நிற்கும் நான்கு களைகளைப் பூக்கும் முன் கையால் பிடுங்கி வெளியேற்றுவதன் அருமை இங்குதான் விளங்கும். ஒரு களைச்செடி ஆயிரக்கணக்கில் விதை சிந்தக்கூடியது. மான்கோசெப் போன்ற, பூஞ்சாணத்தைப் பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்கும் பழைய மருந்துகளுக்கு எதிர்ப்பு உருவாவது அரிது என்பதால் அவை இன்றும் கூட்டு மருந்துகளில் துணையாகச் சேர்க்கப்படுகின்றன என்பதையும் தங்கள் பதிலாளர்கள் ஒரு வரியில் சொல்லலாம்.

அடுத்ததாக, எந்த மருந்து என்ற கேள்விக்கு முன் நோய்தானா என்ற கேள்வியைக் கேட்கும் பழக்கத்தையும் தங்கள் பக்கம் வளர்க்க வேண்டும். நெல்லின் குலை நோய்ப் புள்ளி இரு முனையும் கூர்ந்து கண் வடிவில் இருக்கும். நடுப்பகுதி சாம்பல் நிறமாகவும் ஓரம் பழுப்பாகவும் இருக்கும். துத்தநாகக் குறைபாட்டிலோ அடியிலைகளில் துரு நிறத்தில் சிறு புள்ளிகள் பரவி, பயிர் ஆங்காங்கே திட்டுத் திட்டாக வளர்ச்சி குன்றி நிற்கும். இலை பழுப்பாகிறது என்ற ஒரே வாக்கியத்தால் இரண்டையும் விவரித்துவிடலாம் என்பதால், குறைபாட்டுக்குப் பூஞ்சாணக்கொல்லி அடித்துக் காசைக் கரைப்பது நடக்கிறது. குலை நோயே என்று உறுதியான இடத்திலும், தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறிக் கொட்டிக்கொண்டே மருந்தடிப்பது பயனற்ற வேலை. கரும்பச்சையாகத் தழைத்து மென்மையான இலைகளையே அந்தப் பூஞ்சாணம் நாடும்.

இன்னும் வேடிக்கையான ஒன்று உண்டு. பருத்தியின் இளம் இலைகள் குறுகி, நரம்புகள் இணையாக ஓடி, நுனிகள் விரல்களைப்போல் நீண்டு முறுக்கிக்கொண்டால் வைரஸ் நோய் என்று முடிவுகட்டி, அதைப் பரப்பும் பூச்சிக்கு மருந்தடிக்கிறார்கள். பல வேளைகளில் அது 2,4-டி களைக்கொல்லியின் வேலை. பக்கத்துத் தானிய வயலிலிருந்து காற்றில் மிதந்து வந்திருக்கும்; அல்லது களைக்கொல்லி தெளித்த தொட்டியைச் சரிவரக் கழுவாமல் அதிலேயே பருத்திக்கான மருந்தைக் கலந்திருப்பார்கள். மிகச் சிறிய அளவே பருத்திக்குப் போதும். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வதும், அதற்குத் தட்டை விசிறி முனையைப் பொருத்தித் தாழ்ந்த அழுத்தத்தில் பெரிய துளிகளாக விழச் செய்வதும், காற்று வீசும்போது தெளிக்காமலிருப்பதும் நோய் மேலாண்மையின் பகுதிதான் என்று சொன்னால் பலர் வியக்கக்கூடும்.

களைக்கும் நோய்க்கும் உள்ள உறவும் தங்கள் பக்கத்தில் பேசப்படுவதில்லை. நெல்லின் இலையுறைக் கருகல் நோய்ப் பூஞ்சாணம் வரப்போரப் புற்களிலும் வாழும்; அதன் கடுகுபோன்ற இழை முடிச்சுகள் தண்ணீரில் மிதந்து வந்து, நீர்மட்டம் தொடும் இடத்தில் தண்டைப் பற்றும். பார்த்தீனியச் செடி நோய்க்குறி ஏதுமின்றித் தன்னுள் சுமக்கும் புகையிலைக் கீற்று வைரஸ் அதன் மகரந்தத்தின் வழியாகவும் இலைப்பேன்களின் உதவியாலும் நிலக்கடலைக்கும் சூரியகாந்திக்கும் சென்று நோயை உண்டாக்குகிறது. அதே பார்த்தீனியத்தைக் கையுறையின்றிப் பிடுங்குவோருக்குத் தோல் அழற்சியும் வருகிறது. ஒரே செடி களையாகவும் நோய்க் கிடங்காகவும் உடல்நலக் கேடாகவும் நிற்கையில், அதை மூன்று தனித்தனிப் பதில்களாகப் பிரித்துச் சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? பயிரின் ஆயுளில் ஏறத்தாழ முதல் மூன்றில் ஒரு பங்குக் காலத்தில் களையின்றி வைத்திருந்தால் விளைச்சல் இழப்பின் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். முதல் ஈரத்தில் களையை முளைக்க விட்டு மேலோட்டமாக உழுது அழித்த பின் விதைப்பதும், தானியத்துக்குப் பின் பயறு என்று பயிரை மாற்றுவதும், விதையைச் சலித்துக் களைவிதை நீக்குவதும் இந்த நோக்கத்துக்கே. இவற்றுக்குச் செலவு குறைவு என்பதாலேயே விளம்பரமும் இல்லை.

பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு தெளியுங்கள் என்று எழுதுவதோடு பொறுப்பு தீர்ந்துவிடாது. துணி ஆவியைத் தடுக்காது. நனைந்துவிட்டால் மருந்தை வாய்க்கும் மூக்குக்கும் அருகிலேயே பிடித்து வைத்திருக்கும். தெளிக்கும் வேளையைவிடக் கலக்கும் வேளையே ஆபத்து மிகுந்தது, ஏனெனில் புட்டியில் இருக்கும் மருந்து தொட்டியில் இருப்பதைவிடப் பன்மடங்கு செறிவானது. அதை மூடியில் அளந்து ஊற்றும் கை பெரும்பாலும் வெறுங்கையாகவே இருக்கிறது. கரிம பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் தோல் வழியாகவே உடலுக்குள் செல்லும். நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முழங்கால் வரை மறைக்கும் காலணி ஆகியவை அந்த நேரத்துக்கே முதலில் தேவை. முதுகுத் தெளிப்பானின் குழாயை முன்னால் வீசிக்கொண்டே நடப்பவர், தாம் அப்போதுதான் நனைத்த பயிருக்குள்ளேயே நுழைகிறார். காற்றுக்குக் குறுக்காக நடந்து, காற்று போகும் பக்கமாகத் தெளித்துச் சென்றால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். அடைத்துக்கொண்ட முனையை வாயால் ஊதுவதும், மிச்ச மருந்தைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பதும் இன்னும் ஒழியவில்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லி உடலுக்குள் சென்றால் அதற்கென்று முறிமருந்து கிடையாது என்பதை அப்பெயர் அச்சாகும் ஒவ்வொரு முறையும் கூடவே அச்சிடுவது மிகையாகாது. மருந்து பட்டால் உடையைக் களைந்து சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும், மருத்துவமனைக்குச் செல்லும்போது புட்டியின் லேபிளைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பவையும் அவ்வாறே.

உழவு இயந்திரங்களையும் விட்டுவிட முடியாது. டிராக்டரின் பின்புறச் சுழல்தண்டு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்றுகள், அதாவது நொடிக்கு 9 சுற்றுகள் சுழல்கிறது. தொங்கும் துணியின் நுனி அதில் மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரமிருக்காது. தண்டின் உறை உடைந்தால் மாற்றும் வரை அந்த இயந்திரத்தை ஓட்டாதிருப்பதே முறை. டிராக்டர் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டகத்தைப் புதிய டிராக்டர்களுக்கு ஸ்வீடன் 1959-லேயே கட்டாயமாக்கிவிட்டது.

இடமில்லை என்று தாங்கள் சொல்லக்கூடும். பதில்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தாலும் வாசகர்களுக்கு நட்டமில்லை என்பது என் கருத்து. ஒவ்வொரு பரிந்துரையிலும் வேதிப்பெயர், குழு எண், தெளிக்க வேண்டிய பருவம், தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய நாட்கள், தெளித்த வயலுக்குள் மீண்டும் நுழையும் முன் காத்திருக்க வேண்டிய நேரம் ஆகியவை லேபிளில் உள்ளபடி இடம்பெறட்டும். அத்துடன், கேள்வி அனுப்புவோர் அதே வயலில் கடந்த இரண்டு பருவங்களில் தெளித்த மருந்துகளின் பெயர்களையும், பாதிக்கப்பட்ட இலையின் இருபக்கப் படங்களையும் இணைத்தால்தான் பதில் அளிக்கப்படும் என்ற நிபந்தனையை அடுத்த வாரத்திலிருந்தே அப்பக்கத்தின் தலைப்பில் அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வேளாண் பக்க வாசகர்