மேக்கிலும் ஓடட்டும் உங்கள் மோட்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இருந்துகொண்டு விண்டோஸ் விளையாட்டுகளுக்குத் தமிழ் மோட் (விளையாட்டை மாற்றும் கூடுதல் கோப்புகள்) செய்யும் தம்பி தங்கையருக்கு,

வணக்கம். ஸ்கைரிம் என்ற கணினி விளையாட்டின் பட்டியல்களும் பொருட்பெயர்களும் தமிழில் வரப்போகின்றன என்று நீங்கள் பகிர்ந்த படங்களைப் பார்த்து மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். ஒரு சதமும் கிடைக்காத வேலை இது. படிப்புக்கும் தொழிலுக்கும் நடுவே நேரம் திருடி, ஒரு வாளுக்கு எத்தனை விதமாகப் பெயர் வைக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள். அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. இதைச் சொல்லிவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறேன்.

மோட்டை ஒரேயொரு நிறுவிக் கோப்பாக, அதாவது இஎக்ஸ்இ ஆக மட்டும் வெளியிடுகிறீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, எது எங்கே போகிறது என்று ஒரு வரிகூட இல்லை. ஆப்பிளின் மேக் கணினியில் ஓடவில்லை என்று யாராவது கேட்டால், "விண்டோஸ் கணினி வாங்குங்கள், அண்ணா" என்று ஒரு சிரிப்புப் பொம்மையோடு பதில் வருகிறது. மேக் வைத்திருப்பவன் வசதியானவன், அவனுக்கு இது போதும் என்ற நினைப்பு அந்தச் சிரிப்பில் இருக்கிறது.

இந்தக் கரைக்கு மேக் எப்படி வந்து சேருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததா? லண்டனிலோ சுவிஸிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் சித்தப்பா புதியதை வாங்குகிறார். பழையதை ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்து விடுகிறார். ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் பார்க்க வரும் மாமியின் பெட்டியில், சொக்லேட்டுக்கும் சவர்க்காரத்துக்கும் இடையில் துவாயில் சுற்றிய மேக்புக் ஒன்று இருக்கிறது. ஆரையம்பதியிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் மேக் வைத்திருக்கும் பிள்ளைகளில் பலர் அதைக் கடையில் தெரிவுசெய்து வாங்கியவர்கள் அல்லர். வந்ததை வைத்துக்கொண்டு படிக்கிறார்கள், அதிலேயே விளையாடவும் பார்க்கிறார்கள். கையிலிருப்பதை விற்றுவிட்டு வேறு வாங்கு என்று அவர்களிடம் சொல்வது லேசு. சித்தப்பாவிடம் அதைச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

ஸ்கைரிம் 2011 நவம்பர் 11 அன்று விண்டோஸுக்கும் பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பொக்ஸ் 360 ஆகியவற்றுக்கும் வந்தது. மேக்குக்கு அன்றும் வரவில்லை, 2016இல் சிறப்புப் பதிப்பு வந்தபோதும் வரவில்லை. முன்பு இன்டெல் மேக்குகளில் பூட்கேம்ப் வழியாக விண்டோஸையே ஏற்றி விளையாடினார்கள். 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்த எம்1 சில்லு வந்ததோடு அந்த வழியும் அடைபட்டது. மிஞ்சிய வழிகளில் முக்கியமானது வைன். 1993இல் லினக்ஸுக்காகத் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருள், விண்டோஸ் நிரல் கேட்பதையெல்லாம் அந்தந்த இயங்குதளத்தின் பாஷையில் கேட்டுக் கொடுக்கிறது. கட்டணம் வாங்கும் கிரொஸ்ஓவரும் அதன்மேல் கட்டப்பட்டதுதான். திரையில் படம் வருவதற்கு விண்டோஸ் படம் வரையும் டைரக்ட்3டி கட்டளைகளை ஆப்பிளின் வரைகலை முறையான மெட்டலுக்கு மாற்ற வேண்டும். 2023 ஜூனில் ஆப்பிள் வெளியிட்ட கேம் போர்ட்டிங் டூல்கிட் அதைச் செய்கிறது. இன்டெல் சில்லுக்கு எழுதிய நிரலை ஆப்பிள் சில்லுக்கு மாற்றுவது ரொசெட்டா 2. ஆக, ஒரு வாள்வீச்சுக்கு மூன்று மொழிபெயர்ப்பாளர்கள். அப்படியிருந்தும் எம்1 மேக்புக் ஏரில் ஸ்கைரிம் நன்றாகவே ஓடுகிறது. எனவே விளையாட்டு ஓடாது என்ற பேச்சை விடுங்கள். ஓடாமல் நிற்பது உங்கள் நிறுவி மட்டும்தான்.

ஏன் என்று சொல்கிறேன். கிரொஸ்ஓவரில் ஒவ்வொரு விண்டோஸ் சூழலும் ஒரு போத்தல். ஒவ்வொரு போத்தலுக்கும் தனியாக ஒரு சி டிரைவ், அமைப்புகளைப் பதியும் ரெஜிஸ்ட்ரியும் தனி. நீங்கள் தந்த இஎக்ஸ்இ கோப்பைப் பழக்கமில்லாத பிள்ளை இரட்டைச் சொடுக்குச் சொடுக்கினால் அது புதிதாக ஒரு போத்தலில் போய் விழலாம். அந்தப் போத்தலில் விளையாட்டுகளை வாங்கி நிறுவும் ஸ்டீமும் இல்லை, ஸ்கைரிமும் இல்லை. உங்கள் நிறுவியோ விளையாட்டு அங்கே இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. வழக்கமான ஸ்டீம் பாதையைத் தானே உருவாக்கி, அந்த வெற்றுக் கோப்புறைக்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு "வெற்றிகரமாக நிறுவப்பட்டது" என்று பச்சை எழுத்தில் காட்டுகிறது. பிள்ளை வேறு போத்தலில் இருக்கும் விளையாட்டைத் திறக்கிறது. எல்லாம் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. மோட் பழுது என்று உங்களைத் திட்டுகிறது. நீங்கள் மேக்கைத் திட்டுகிறீர்கள்.

அதே கோப்புகளை ஒரு ஸிப்பில் போட்டு, உள்ளே டேட்டா என்ற கோப்புறையை வைத்து, "இதை விளையாட்டின் டேட்டா கோப்புறையோடு சேருங்கள்" என்று எழுதியிருந்தால் வேலை அதோடு முடிந்திருக்கும். மோட்களை நிர்வகிக்கும் மோட் ஓர்கனைசர் போன்ற கருவிகள் மாயக் கோப்புறை காட்டி வேலை செய்பவை. வைனுக்குள் அவை அடிக்கடி தடுமாறுவதால் மேக்காரர் பலர் கையாலேயே நிறுவுகிறார்கள். பிளகின்ஸ் என்ற உரைக்கோப்பைத் திறந்து, உங்கள் இஎஸ்பி கோப்பின் (விளையாட்டு படிக்கும் மோட் கோப்பு) பெயரை எழுதி, அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டால் சிறப்புப் பதிப்பு அதை ஏற்றுக்கொள்ளும். இந்த வேலைக்கு நிறுவியே தேவையில்லை. ஆனால் கோப்பின் பெயர் என்னவென்று நீங்கள் சொன்னால்தானே?

அடுத்தது டிஎல்எல், அதாவது விண்டோஸ் நிரல்கள் ஓடும்போது ஏற்றிக்கொள்ளும் துணைக் கோப்பு. சில மோட்கள் விண்டோஸுக்குச் சொந்தமான ஒரு டிஎல்எல்லின் பெயரைத் தாங்களே சூடிக்கொண்டு விளையாட்டுக்குள் நுழைகின்றன. பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டின் மோட்களுக்கு உதவும் ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் டிரைட் என்ற பெயரில் வருவது எல்லாரும் அறிந்த எடுத்துக்காட்டு. அந்த விளையாட்டுக்கு 2023இலேயே மேக் பதிப்பு வந்துவிட்டது. இருந்தும் அந்த ஒரு டிஎல்எல்லுக்காக மேக்காரர் சிலர் விண்டோஸ் பதிப்பை வைனில் ஓட்டுகிறார்கள் என்றால் மோட்டின் ஈர்ப்பைப் பாருங்கள். வைனிடம் இத்தகைய டிஎல்எல்களுக்குச் சொந்தப் பிரதி உண்டு. சொல்லாவிட்டால் பெரும்பாலும் தன் பிரதியையே எடுக்கும், உங்களுடையதைத் திரும்பியும் பாராது. வைன் அமைப்புப் பெட்டியில் லைப்ரரீஸ் பகுதிக்குப் போய், அந்தப் பெயரைச் சேர்த்து, வெளியிலிருந்து வந்ததை முதலில் எடு என்று குறித்துவிட்டால் போதும். அரை நிமிட வேலை. அதற்கும் டிஎல்எல்லின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். அதை நிறுவிக்குள் ஒளித்து வைத்துவிட்டு எங்களைக் குறி சொல்லச் சொல்கிறீர்கள்.

எஸ்கேஎஸ்இ (ஸ்கைரிமுக்கான ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர்) தேவைப்படும் மோட்டென்றால் விளையாட்டின் எந்தப் பதிப்புக்கு என்று தயவுசெய்து எழுதுங்கள். 1.5.97க்குச் செய்த டிஎல்எல் 1.6.1170இல் ஏறாது. இது விண்டோஸ்காரருக்கும் உள்ள தலைவலிதான்.

இனி எழுத்துரு. இதில்தான் எனக்கு உங்கள்மேல் மரியாதையும் கோபமும் சேர்ந்தே வருகின்றன. ஸ்கைரிமின் திரைப்பட்டியல்கள் ஃபிளாஷ் வகைக் கோப்புகள். எழுத்துருவும் அவற்றுக்குள்தான் இருக்கிறது. தமிழ் எழுத்துகளை முறைப்படி அடுக்கும் வேலை அந்த எஞ்சினுக்குத் தெரியாது. யூனிகோடில் "கெ" என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு. எஞ்சின் வந்த வரிசையிலேயே போடுவதால் ககரத்துக்குப் பின்னால் கொம்பு அநாதையாக நிற்கிறது. "கொடுவாள்" என்று எழுதினால் வருவது கொடுவாளும் அல்ல, வேறெதுவும் அல்ல. நீங்கள் இதற்குக் கண்ட வழி அபாரம்: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்வது போலக் கொம்பை முதலிலும் ககரத்தை அடுத்தும் வைத்து, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்துவிட்டீர்கள். கல்யாண அழைப்பிதழ் அடிக்கும் அச்சகத்தில் பழகிய கை யாரோ உங்கள் குழுவில் இருக்க வேண்டும். அந்தக் கைக்கு ஒரு கும்பிடு.

அந்த எழுத்துருவை ஃபிளாஷ் கோப்புக்குள்ளேயே பதித்திருப்பதால் விளையாட்டுக்குள் தமிழ் மேக்கிலும் பிசகில்லாமல் தெரிகிறது. ஆனால் மோட்டின் அமைப்புச் சாளரத்தை மட்டும் விண்டோஸில் கிடைக்கும் லதா, நிர்மலா என்ற எழுத்துருக்களை நம்பி எழுதிவிட்டீர்கள். அவை வைனில் இல்லை. ஆகவே அந்தச் சாளரம் முழுவதும் கட்டம் கட்டமாக நிற்கிறது. எந்தக் கட்டம் "சரி", எந்தக் கட்டம் "நீக்கு" என்று தெரியாமல் ஒரு பிள்ளை அழுத்திப் பார்க்கிறது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிமமுள்ள எழுத்துரு ஒன்றை மோட்டோடு சேர்த்துத் தர என்ன தடை? பெரிய வேலையைச் செய்தவர்கள் சின்ன வேலையில் விட்டுவிட்டீர்களே என்பதுதான் கோபம்.

இன்னொன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன். இது உங்கள் தவறல்ல, ஆனால் நீங்கள் எச்சரித்தால் பலர் தப்புவார்கள். வைன் தன் ஆவணக் கோப்புறையை வழக்கமாக மேக்கின் ஆவணக் கோப்புறையோடு இணைத்துவிடும். ஸ்கைரிமின் சேமிப்புகளும் ஐஎன்ஐ எனும் அமைப்புக் கோப்புகளும் அங்கேதான் போகின்றன. ஐகிளவுட் அந்தக் கோப்புறையை ஒத்திசைத்தால், இரவு டேட்டாவுக்காக விழித்திருந்து மோட் இறக்கும் நம் பிள்ளைகளின் பகல் டேட்டா சேமிப்புக் கோப்புகளுக்குப் போய்விடும்.

"எங்களிடம் மேக் இல்லை, சோதிக்காமல் எப்படிப் பொறுப்பேற்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொறுப்பேற்கச் சொல்லவில்லை. நிறுவியையும் கைவிட வேண்டாம். விண்டோஸ் பிள்ளைகளுக்கு அது வசதி. பக்கத்திலேயே ஒரு ஸிப், அதற்குள் ஓர் உரைக்கோப்பு: எந்தக் கோப்பு எங்கே, எந்த டிஎல்எல், எந்தப் பதிப்பு. "மேக்கில் சோதிக்கவில்லை" என்று கொட்டை எழுத்தில் அதிலேயே போட்டுக்கொள்ளுங்கள், ஒருவரும் கோபிக்க மாட்டோம். திருட்டுப் பிரதிக்காரருக்கு வழி திறந்துவிடும் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். விளையாட்டு எங்கே இருக்கிறது என்றே பார்க்காத நிறுவி திருட்டுப் பிரதியையா கண்டுபிடிக்கப் போகிறது?

காலமும் தாராளமாக இல்லை. ரொசெட்டா 2 முழுமையாகக் கிடைப்பது மேக்ஓஎஸ் 27 வரைதான், அதன்பின் பராமரிப்பில்லாத பழைய விளையாட்டுகளுக்காக ஒரு பகுதியை மட்டும் வைத்திருப்போம் என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. வைன்காரர்கள் வேறு வழி காண்பார்கள் என்றே நம்புகிறேன். 1993இலிருந்து அவர்கள் செய்துவருவது அதைத்தானே. ஆனால் இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதுவரை காத்திருக்காது.

அடுத்த பதிப்பை வெளியிடுமுன் ஸிப்பை எனக்கு அனுப்புங்கள். எம்1 மேக்புக் ஏர் என்னிடம் இருக்கிறது. கல்முனையில் ஒரு நண்பரிடம் எம்2 இருக்கிறது. இருவரும் ஓட்டிப் பார்த்து, எது ஓடியது, எது விழுந்தது என்று தமிழிலேயே எழுதித் தருகிறோம். உரைக்கோப்பை எழுத நேரமில்லை என்றால் கோப்புகளின் பட்டியலை மட்டும் தாருங்கள், மேக்குக்கான குறிப்பை நாங்களே எழுதுகிறோம். எங்கள் பெயரைப் போட வேண்டும் என்றுகூட இல்லை.

அன்புடன்,
கல்லடியிலிருந்து ஒரு மேக்காரர்