கதவு பிறகு, முதலில் குழாயைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சமையலறையைப் புதுப்பிப்பது பற்றி வார இணைப்புகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் பளபளக்கும் ஷட்டர் (மேடைக்கடி அலமாரிக் கதவு) படங்களோடு நின்றுவிடுகின்றன. முப்பது, நாற்பது ஆண்டு பழைய வீட்டில் பணம் போக வேண்டிய இடம் சுவருக்குள்ளும் சிங்க்குக்கு அடியிலும் இருக்கிறது. கையில் உள்ளது குறைவென்றால், கதவுகளை அடுத்த தீபாவளிக்குக்கூடப் போட்டுக்கொள்ளலாம்.

கடப்பாக்கல் தட்டுகளை இடிக்கச் சொன்னால் எளிதில் இசைய வேண்டாம். கரையான் அரிக்காது, ஈரமும் ஒன்றும் செய்யாது. அதை உடைத்து அள்ளக் கூலி கொடுத்துவிட்டு, தண்ணீர் பட்டால் ஊதிப்போகும் பார்ட்டிகிள் போர்டு பெட்டியை அங்கே வைப்பது என்ன சிக்கனமோ! தடுப்புகளை அப்படியே விட்டு, முன்பக்கம் அலுமினியச் சட்டத்தில் பிவிசி கதவு மாட்டினால் போதும். மரம்தான் வேண்டுமென்றால், சிங்க்குக்குக் கீழாவது ஈரம் தாங்கும் வகைக்கான ஐஎஸ் 710 தர முத்திரையுள்ள பிளைவுட்டாக இருக்கட்டும்.

பழைய மேடைக்கல் அசையாமல் இருந்தால் அதன் மேலேயே கிரானைட் பதிக்கலாம். 18 மி.மீ. கல்லும் ஓர் அங்குலக் கலவையும் சேர்ந்து மேடை சுமார் ஒன்றே முக்கால் அங்குலம் உயரும். 30 அங்குல மேடைக்கு அது நல்லதுதான். ஏற்கெனவே 33 அங்குலம் இருந்தால், அடுப்பின் உயரமும் சேர்ந்து, குள்ளமானவருக்குத் தோள் கடுக்கும். கலவை எல்லா இடத்திலும் படியாமல் அடியில் பொள்ளலாக இருந்தால், இஞ்சி தட்டும் இடத்தில் கல் விரிசல் விடும். முன்விளிம்பின் அடியில் நீளவாக்கில் ஒரு காடி (சிறு பள்ளக் கோடு) இழுக்கச் சொல்லுங்கள்; வழியும் தண்ணீர் கதவுப் பக்கம் ஊராமல் அங்கேயே சொட்டிவிடும்.

கழிவுக் குழாய் 2 அங்குலம், அடிக்குக் கால் அங்குல வாட்டம் (சரிவு). பத்தடி தூரமென்றால் இரண்டரை அங்குலம் இறங்க வேண்டும். வாட்டம் குறைந்தால் எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் தங்கி நாறும். துருவேறிய இரும்புக் குழாயை டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். ஒட்டிய பிறகு கசிந்தால் இரண்டு செலவு.

மின்சாரத்தில் கஞ்சத்தனம் ஆகாது. 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போர்டு மாட்டி ஓட்டினால் முதலில் உருகுவது சாக்கெட்தான். 16 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மெயின் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. செம்பு வயர், 20 ஆம்பியர் எம்சிபி (மின்சுமை மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), எர்த் வேண்டும். கூடவே, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி.

சிலிண்டரை மேடைக்கடியில் மறைப்பவர்கள், கதவின் அடிப்பகுதியில், தரையை ஒட்டித் துளை விட வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது; கசிந்தால் தரையோடு தங்கும். மேலே விட்ட துளையால் பயனில்லை.

சுவர் டைல்ஸை விரல் கணுவால் தட்டிப் பார்த்து, வெற்றொலி வராவிட்டால், அதன் மேலேயே டைல் பசையால் புதியதை ஒட்டலாம். எண்ணெய்ப் பிசுக்கைச் சோடா போட்டுத் தேய்த்து எடுக்காமலும், மேற்பரப்பைச் சொரசொரப்பாக்காமலும் ஒட்டினால் கழன்று வரும். ஷட்டருக்கு அளவெடுப்பது இவை எல்லாம் முடிந்த பிறகே. முன்கூட்டி அளவு கொடுத்துவிட்டு, டைல்ஸ் கனத்தில் அரை அங்குலம் இடித்து, கதவைச் சீவிக்கொண்டிருக்கும் வீடுகள் அநேகம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி