அத்தை, ஞாயிற்றுக்கிழமை முடியை வெட்டப்போகிறேன்

அத்தைக்கு,

மாமாவின் முதல் திவசத்துக்கு ஊருக்கு வருகிறேன். வரும்போது என் பின்னல் இருக்காது. கூடம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் நீங்கள் அதை முதல்தடவையாகப் பார்த்து முகம் மாறுவதை என்னால் தாங்க முடியாது. அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வெட்டப்போகிறேன். வளர்பிறை பார்த்து நீங்கள் நுனியை மட்டும் கத்தரித்துவிடுவீர்களே, அந்த மாதிரி இல்லை. தோளுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும், அவ்வளவுதான்.

போனில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். மாமா போனதிலிருந்து நம் இருவருக்கும் போனில் 'சாப்பிட்டியா', 'மழை உண்டா' என்பதைத் தாண்டிப் பேச்சு நகரவில்லை. சின்னவன் இதை உங்களுக்கு வாசித்துக் காட்டுவான். அவன் வாசிக்கும்போது பக்கத்தில் யார் யார் இருப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். அவர்களும் கேட்கட்டும். ஆளுக்கொரு காரணம் கட்டிவிடுவதற்கு முன்னால் உள்ள காரணத்தைக் கேட்டுக்கொள்ளட்டும். வேண்டுதல் எதுவும் இல்லை. வீட்டில் சண்டை இல்லை. அவர் வெட்டச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

சிக்குதான் காரணம்.

ஐப்பசியில் நான் படுத்துக் கிடந்தது உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன், நமக்குள் தெரிந்தது போதும். உடம்பு அப்படி அடிபட்டால் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டத் தொடங்கும் என்று டாக்டர் சொன்னார். அதே போல் தையில் கொட்டத் தொடங்கியது. கொட்டுகிற முடி கீழே விழுந்து தொலைந்தால் பரவாயில்லை. குட்டை முடி விழுந்துவிடும். இடுப்புக்குக் கீழே போகிற முடி விழாது அத்தை. வேர் கழன்ற பிறகும் பின்னலுக்குள்ளேயே தங்கி, உயிரோடு இருக்கும் முடியைச் சுற்றிக்கொள்ளும். முடியின் மேல்தோல் ஓட்டுக்கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி வேரிலிருந்து நுனியை நோக்கி அடுக்கடுக்காக இருக்கிறது. எல்லா முடியும் ஒரே பக்கம் பார்த்துக் கிடக்கும்வரை வழுக்கிக்கொண்டு போகும். கழன்ற முடி ஒன்று தலைகீழாகத் திரும்பிவிட்டால் ஓட்டின் விளிம்பும் விளிம்பும் மாட்டிக்கொள்ளும். பிடரியில், ஜாக்கெட் கழுத்து உரசும் அந்த இடத்தில், தினமும் காலையில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு. அதை எடுத்தால் மறுநாள் அதே இடத்தில் இன்னொன்று.

தண்ணீரும் ஒரு காரணம். நீங்கள் தாமிரபரணியில் முங்கி எழுந்து சீயக்காய் தேய்த்த தலை உங்களுடையது, என்னுடையதும் அதே தண்ணீரில் வளர்ந்ததுதான். இங்கே வேளச்சேரியில் போர் தண்ணீர், கோடையில் லாரித் தண்ணீர். பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படிவதை நகத்தால் சுரண்டி எடுக்கலாம். அந்தச் சுண்ணாம்பும் மக்னீசியமும்தான் முடியிலும் படிகிறது. குளித்துவிட்டு வந்தால் கைக்குக் கயிறு மாதிரி சொரசொரவென்று இருக்கும். ஈரத்தலையை வாராதே என்று நீங்கள் தலையில் குட்டிக் குட்டிச் சொன்னது சரிதான், ஈரத்தில் முடி ஊதி இழுபட்டு அறுந்துவிடும். ஆனால் ஆறரை மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு பஸ் பிடிக்கிறவள் எங்கே உட்கார்ந்து தலையை உலர்த்துவாள்? ஈரத்தோடு முடிந்துகொண்டு ஓடுகிறேன். சாயங்காலம் அவிழ்த்தால் உள்ளே இன்னும் ஈரம், ஒரு மக்கிய வாடை. தேங்காய் எண்ணெய், வெந்தயம், செம்பருத்தி இலை என்று நீங்கள் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் செய்தேன். ஒன்றைக்கூட விட்டுவிடவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

எனக்கு அம்மை போட்ட வருஷத்தைத்தான் இப்போதெல்லாம் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

மூன்றாவது தண்ணீர் ஊற்றி முடிந்த அன்று. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். அதற்கு முந்தின நாள்வரை எண்ணெய் கூடாது, சீப்பு கூடாது என்று அப்படியே தலையணையில் புரண்டு கிடந்த தலை. பின்பக்கம் முழுக்கச் சேர்ந்து ஒரே சடையாகிவிட்டது. எதிர்வீட்டு ஆச்சி வந்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இனி இது பிரியாது. கத்தரியைப் போட்டுரு, சின்னப் பிள்ளைதான, வளந்துரும்" என்றார்கள். மாமா திண்ணையிலிருந்து, "எதுக்குப் பிள்ளையைப் போட்டு வதைக்க, வெட்டி விடு" என்றார். அம்மா அன்றைக்கு எங்கே இருந்தாள் என்று எழுத வேண்டாம்.

நீங்கள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. புறவாசல் படியில் மேல்படியில் நீங்கள், கீழ்ப்படியில் நான், உங்கள் முழங்கால்களுக்கு நடுவில் என் தோள். எண்ணெய்க் கிண்ணத்தை வெயிலில் வைத்திருந்தீர்கள். ஒரு கையால் வேர்ப்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து தொடங்கினீர்கள். இழுப்பு தலைக்கு எட்டாது, உங்கள் கைப்பிடியிலேயே நின்றுவிடும். கிணற்றடி நிழல் துவைக்கிற கல்லைத் தாண்டி வந்துவிட்டது. பழைய சிடுக்குவாரியால் ஒரு இழையைப் பிரிப்பீர்கள், எண்ணெய் தொடுவீர்கள், அடுத்த இழை. அறுந்து வந்த முடியை இடதுகால் பெருவிரலில் சுற்றி வைத்துக்கொண்டே வந்தீர்கள். மத்தியானம் நீங்கள் சாப்பிடவில்லை. எனக்கு மட்டும் மோர்ச்சோற்றைப் பிசைந்து தரச்சொல்லி, கையை எடுக்காமலே, "தின்னுளா, ஆடாம தின்னு" என்றீர்கள். அம்மைத் தழும்பு காயாத முதுகில் உங்கள் முழங்கால் பட்டுவிடக் கூடாது என்று நீங்கள் காலை அகட்டியே வைத்திருந்தது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. விளக்கு வைப்பதற்குள் முடித்துவிட்டீர்கள். என் தலையை அவ்வளவு பொறுமையாக அதற்குப் பிறகு யாரும் தொட்டதில்லை. நானும் தொட்டதில்லை.

முடித்துப் பின்னிவிட்டு எதிர்வீட்டு ஆச்சியிடம் என்ன சொன்னீர்கள்? "நிறமும் இல்ல, அப்பன் கையில பணமும் இல்ல. இந்த முடிதான் இவளைக் கரையேத்தணும்."

நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன் அத்தை.

அன்றைக்கு முழுவதும் நீங்கள் பிரித்துப் பிரித்துக் காப்பாற்றியது என்னையா, என்னைக் கட்டிக்கொடுக்கப் போகும் சீரையா என்று எனக்குப் பல வருஷம் புரியவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தேன். வந்தவர்களிடம் நீங்கள் அதைச் சொல்லவில்லை, என்னைத் திரும்பி நிற்கச் சொன்னீர்கள். பெண் பார்க்க வந்தபோதும் அதுதான் நடந்தது. அதை விரித்து எழுத மாட்டேன், இதைப் படிப்பவர்களில் அன்று பஜ்ஜி சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள், எல்லோரும் இப்போது என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். சவுரியா சொந்த முடியா என்று ஒரு கை என் பின்னலை அடிவரைக்கும் உருவிப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். நீங்கள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தீர்கள். உங்களுக்கு டைபாய்டில் முடி போனதும், அதற்காக நீங்கள் கேட்ட பேச்சும் எனக்குத் தெரியும். அது எனக்கு வந்துவிடக் கூடாது என்று பயந்தீர்கள். பயம் நியாயமானதுதான். அதற்காக எனக்கு வலிக்காமல் போய்விடுமா?

பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன் என்பதால் இதையும் சொல்கிறேன். சான் டியேகோவில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர் ஒரு கயிற்றைப் பெட்டிக்குள் போட்டுச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து 2007இல் எழுதினார்கள். 3,415 தடவை செய்திருக்கிறார்கள். 46 செ.மீ.க்குக் குறைவான கயிற்றில் முடிச்சே விழவில்லை. அதைத் தாண்டியதும் ஒன்றரை மீட்டர் வரைக்கும் முடிச்சு விழும் வாய்ப்பு மளமளவென்று ஏறுகிறது, அதுவும் சில நொடிகளிலேயே விழுந்துவிடுகிறது. முடியும் கயிறும் ஒன்றல்ல, பெட்டியும் தலையும் ஒன்றல்ல. இருந்தாலும் அதைப் படித்த அன்று டேப்பை எடுத்து உச்சியிலிருந்து அளந்து பார்த்தேன். 45 செ.மீ. தோளுக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. அங்கேயே வெட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். நான் கவனமில்லாமல் வைத்துக்கொண்டதால் சிக்கு விழவில்லை, நீளம் என்றால் விழும், அதை உங்களிடம் சொல்ல ஒரு ஆதாரம் வேண்டியிருந்தது.

இன்னொரு கணக்கும் போட்டேன், அதைச் சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது. முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். அப்படிப் பார்த்தால் என் பின்னலின் நுனி ஆறேழு வருஷத்துக்கு முந்தைய முடி. என் கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை நீங்கள் எண்ணெய் தேய்த்துவிட்டீர்களே, அன்று என் தலையோடு ஒட்டி இருந்த முடி இப்போது அந்த நுனியில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வளர்ந்த எதையும் நீங்கள் தொடவில்லை. மறுவீட்டுக்கு வந்தபோது எண்ணெய்க் கிண்ணத்தோடு உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்தேன். "இனி அது அவங்க வீட்டு முடி, உன் மாமியார் தேய்ப்பாங்க" என்று எழுந்து போய்விட்டீர்கள். அவர்கள் வீட்டில் அப்படி ஒரு வழக்கமே இல்லை, அவர்கள் நல்லவர்கள், அது வேறு விஷயம். ஐப்பசியில் இங்கே வந்து பத்து நாள் இருந்தீர்கள். கஷாயம் வைத்துத் தந்தீர்கள், என் துணியைக்கூடத் துவைத்துப் போட்டீர்கள். தலையை மட்டும் தொடவில்லை. அப்போது ஒருநாள் தொட்டிருந்தால் இந்தச் சிக்கு இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று சொல்ல வரவில்லை. வந்திருக்கும். ஆனாலும் தொட்டிருக்கலாம்.

ஆக, ஞாயிற்றுக்கிழமை போகப்போவது நீங்கள் தொட்ட பகுதி முழுவதும். இருக்கப்போவது நீங்கள் தொடாதது. அதற்காகத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். வெட்டுவதற்காக இல்லை.

சவுரி கட்டி வைத்துக்கொள் என்பீர்கள். மாட்டேன். வேரும் நுனியும் மாறாமல் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டு அதற்கு மேலே வெட்டச் சொல்லியிருக்கிறேன். புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி போனவர்களுக்கு விக் செய்ய வாங்கிக்கொள்கிறார்கள். சிக்கு இல்லாத பகுதி எவ்வளவு தேறுகிறதோ அவ்வளவையும் கொடுத்துவிடுவேன். இதற்கு நீங்கள் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

பூ எப்படி வைப்பாய் என்று கேட்பீர்கள். தோள்வரை முடியிலும் கிளிப் போட்டுப் பிச்சிப்பூ வைக்கலாம், வைத்துப் பார்த்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும் அத்தை. மாமா போனதிலிருந்து வீட்டில் பறிக்கிற பூ அத்தனையையும் தொடுத்து என் தலையிலேயே ஏற்றுகிறீர்கள். போன பொங்கலுக்குக் கழுத்து வலிக்கிற அளவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். நீங்கள் வைக்கக் கூடாது என்று யார் சொன்னார்கள்? சொன்னவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி, உங்களுக்கு ஆசை என்றால் உங்கள் கொண்டையிலேயே வையுங்கள். உங்களுடைய பூவையும் சேர்த்து என்னால் சுமக்க முடியவில்லை.

திவசத்தன்று ஐயர் முன்னால், சொந்தக்காரர்கள் முன்னால் எதுவும் கேட்காதீர்கள். திட்ட வேண்டும் என்றால் அடுக்களையில் வைத்துத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். திவசம் புதன்கிழமை. நான் செவ்வாய் காலையில் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குவேன். வெள்ளிக்கிழமைவரை இருப்பதாகத்தான் லீவு போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும். குட்டை முடி, கால்மணி நேரத்துக்கு மேல் ஆகாது. முடியாது என்றால் இப்போதே சின்னவனிடம் சொல்லி அனுப்பிவிடுங்கள். நான் புதன்கிழமை ராத்திரி வண்டிக்கே டிக்கெட்டை மாற்றிக்கொள்கிறேன்.