அறையில் வேறு யார் இருக்கிறார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

டெக்சாஸில் உள்ள வீட்டை விற்க, சென்னையிலிருந்த என் அத்தை வீடியோ வழியாக நோட்டரி முன் அதிகாரப் பத்திரத்தில் (பவர் ஆஃப் அட்டர்னி) கையெழுத்திட்டார். நானும் அப்போது அங்கே இருந்தேன். அடையாள அட்டையைக் கேமராவில் காட்டினார். அதெல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும், திரைக்கு வெளியே நின்ற மருமகன் "ஆமான்னு சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுத்தார். அத்தை பக்கவாட்டில் பார்த்துப் பார்த்துத்தான் பதில் சொன்னார். நோட்டரி அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

டெக்சாஸ் சட்டப்படி கையெழுத்திடுபவர் எங்கிருந்தாலும் பரவாயில்லை. நோட்டரி மட்டும் அந்த நேரத்தில் மாநில எல்லைக்குள் இருக்க வேண்டும். வீடியோ பதிவை குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். இணையவழியில் செய்தது என்பதைச் சான்றில் குறிப்பிட வேண்டும். அப்புறம், நோட்டரி தன் மின்முத்திரையை (மின்னணு ஆவணத்தில் பதிக்கும் முத்திரை) வேறு யாரும் பயன்படுத்த விடக்கூடாது.

புளோரிடாவில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். உயில் போன்றவற்றில் சாட்சிகளும் இணையவழியில் சேரும்போது, "இப்போது எங்கே இருக்கிறீர்கள்? அறையில் உங்களோடு யார் யார்? இந்த அழைப்பில் சேர உதவியது யார்?" என்றெல்லாம் கேட்டாக வேண்டும். மருந்தின் மயக்கத்தில் இருக்கிறீர்களா என்றும் கேட்க வேண்டும். வயதானவர்களின் சொத்துக்கு இதைவிட நல்ல காவல் எனக்குத் தெரியவில்லை.

டெக்சாஸும் இந்தக் கேள்விகளைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்காகக் கையெழுத்திடும் பெற்றோர், அறையில் தனியாக அமர்ந்து, புரியாததை நோட்டரியிடமே நேராகக் கேளுங்கள்.

– ஒரு வாசகர், சென்னை